நீர்விளக்கும் நீல வானமும்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்துக்கு 'வானம் பார்த்த பூமி' என்று பெயர். ஆற்றுத் தண்ணீரும் கிடையாது, கால்வாயும் கிடையாது. மேலே இருந்து விழுந்தால்தான் உண்டு. ஐப்பசி பிறந்தும் மழை தள்ளிப்போனால் சம்சாரி வரப்பில் நின்று, நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்து அண்ணாந்து பார்ப்பார். பொட்டு மேகம் இருக்காது. கழுவித் துடைத்த மாதிரி நீலம். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அந்தத் துடைத்த வானமே வேண்டும் என்று மேடு தேடிப்போய் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள், திபெத்தில்.

திபெத்திய பௌத்தத்தின் நிங்மா பிரிவிலும், அதன் பக்கத்திலேயே வளர்ந்த 'பொன்' (Bön) என்னும் மரபிலும் 'ஸோக்சென்' என்றொரு வழி உண்டு. 'பெருநிறைவு' என்று தமிழில் சொல்லலாம். அதன் பயிற்சிகளில் ஒன்று வானம் பார்ப்பது. பறவையோ நட்சத்திரமோ மேகத்தின் வடிவமோ கணக்கில் வராது; வெறும் வானம்தான். மேகமில்லாத நாளில், மறைப்பில்லாத இடத்தில், சூரியனை முதுகுப்பக்கம் விட்டு உட்கார வேண்டும். கண் திறந்தே இருக்கும். பார்வையை எதிலும் நிறுத்தாமல் அகல விட வேண்டும். மேல்நிலைப் பயிற்சிக்கு சிங்கம், யானை, முனிவர் என்று மூன்று இருக்கைகள்கூட வகுத்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லோங்சென்பா என்ற பேரறிஞர் தம் 'ஏழு கருவூலங்கள்' நூல்வரிசையில் இதையெல்லாம் விரிவாகப் பேசுகிறார்.

தியானம் என்றாலே கண்ணை மூடிக்கொள்வது என்று பழகிவிட்ட நமக்கு இது வினோதமாகத் தோன்றலாம். ஆனால் இமயத்துக்கு இந்தப் பக்கமும் இது தெரிந்த வழிதான். காஷ்மீர சைவ நூலான விஞ்ஞான பைரவம் 112 தாரணைகளைச் சொல்கிறது. தெளிந்த வானத்தை அசையாமல் நோக்குவது அதில் ஒன்று. சிதம்பரத்தை ஆகாசத் தலம் என்கிறோம். அங்கே திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும். அதன் பின்னால் வெறும் வெளி. நம் ஆட்கள் வெளியை உள்ளே வைத்துத் திரை போட்டார்கள். திபெத்தியருக்குத் திரை தேவைப்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொன்னால் இரண்டு பக்கத்துப் பண்டிதர்களும் சண்டைக்கு வருவார்கள், போகட்டும்.

என் கேள்வி சின்னது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்க்கச் சொன்னால் கண் என்ன செய்யும்?

கண் சும்மா இருக்காது. முதலில் அதற்கு ஒரு தடுமாற்றம் வரும். நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பார்க்கும் பொருளுக்கு ஏற்ப உப்பியும் தட்டையாகியும் ஃபோகஸ் செய்கிறது. அதற்கு ஒரு பிடி வேண்டும்: ஓர் ஓரம், ஒரு கோடு, ஒரு புள்ளி. வெறும் நீலத்தில் அப்படி எதுவும் இல்லை. வானம் எட்டாத் தொலைவு ஆயிற்றே, லென்ஸும் எட்டாத் தொலைவுக்கே ஃபோகஸ் ஆகும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆகாது. பிடி கிடைக்காத லென்ஸ் தன் இயல்பான ஓய்வு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த நிலையில் கண்ணின் ஃபோகஸ் சில அடி தூரத்தில் நிற்கிறது. அதாவது, வானத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நம் மூக்குக்கு எதிரே இருக்கும் காற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். விமானிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. வெறும் வானத்தில் பறக்கும்போது தம்மையறியாமல் கிட்டப்பார்வைக்காரர் ஆகிவிடுவதால், தொலைவில் எதிரே வரும் விமானம் கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் இறக்கை நுனி, தூரத்து மலை என்று எதையாவது அவ்வப்போது பார்த்து ஃபோகஸைச் சரிசெய்துகொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இந்தச் 'சில அடி தூரம்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாறு போகும்போது தேவைப்படும்.

அடுத்தது நிறம். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட 4 மடங்குக்கும் மேல் சிதறடிப்பதால் வானம் நீலம் என்று இயற்பியலாளர் ரேலே 1871இல் கணக்குப் போட்டுக் காட்டினார். பள்ளிப் பாடம்தான். பாடத்தில் அதிகம் சொல்லாதது, அந்த நீலம் ஊருக்கு ஊர் மாறும் என்பது. தூசியும் ஈரமும் புகையும் சேர்ந்த காற்று எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடித்து நீலத்தில் பால் ஊற்றிவிடும். சென்னையின் சித்திரை வானம் அப்படித்தான் வெளிறிக் கிடக்கிறது. மேலே போகப்போகப் பாலும் குறையும், காற்றும் குறையும். லாசா நகரம் சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நீலம் அடர்ந்து, உச்சியில் கருக்கத் தொடங்கும். ஐரோப்பாவில் ஓராஸ் தெ சோசுர் என்ற ஜெனீவாக்காரருக்கு இந்த நீலத்தின் மேல் ஒரு பித்து. 1789இல் வெள்ளையில் தொடங்கிக் கருநீலம் வரை 53 பட்டைகள் கொண்ட வட்ட அட்டை ஒன்றைச் செய்து, வானத்துக்கு எதிரே பிடித்து நீலத்தை அளந்தார். ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்கில் அவர் கண்ட நீலம் 39ஆம் பட்டை. இயற்கையியலாளர் ஹம்போல்ட் 1802இல் தென்னமெரிக்காவின் சிம்பொராசோ மலையில் கண்டது 46. மலை உச்சிக்குப் போனவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இந்த நீலத்தில் விழுந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த நீலத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தால் அது நீலமாகவே நீடிக்காது என்பதுதான் வேடிக்கை. ஜெர்மன் உளவியலாளர் வொல்ஃப்காங் மெட்ஸ்கர் 1930இல், எந்த ஓரமும் கோடும் இல்லாத ஒரே சீரான ஒளிப்பரப்பை மட்டும் கண் முன் வைத்தால் என்ன நடக்கும் என்று சோதித்தார். பின்னால் வந்தவர்கள் பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிக் கண்களில் கவிழ்த்து, மேலே வண்ண விளக்கைப் போட்டு அதையே மலிவாகச் செய்தார்கள். சில நிமிடங்களில் சிவப்போ பச்சையோ வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். முன்னால் இருப்பது பரப்பா, மூட்டமா, எவ்வளவு தூரத்தில் என்பதெல்லாம் குழம்பும். இன்னும் சிலருக்கு, கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே தெரியாமல் போகும். விளக்கு எரிகிறது, இமை திறந்திருக்கிறது, ஆனால் 'பார்ப்பது' நின்றுவிட்டது.

காரணம் நம் நரம்பு மண்டலத்தின் சிக்கனம். விழித்திரைக்கும் மூளைக்கும் மாற்றம்தான் செய்தி; மாறாமல் இருப்பது செய்தி இல்லை. சுவரில் ஒரு புள்ளியையே உற்றுப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் மங்கலான கறை மெல்ல மறைந்துவிடும் என்று இக்னாஸ் ட்ராக்ஸ்லர் 1804இலேயே எழுதிவைத்தார். எதையாவது நிலைத்துப் பார்ப்பதாக நாம் நினைக்கும்போதும் கண் நம்மையறியாமல் துளித்துளியாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நடுக்கத்தைக் கருவிகொண்டு ஈடுகட்டி, பிம்பத்தை விழித்திரையில் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டால் பிம்பம் சில நொடிகளில் கரைந்துவிடுகிறது என்று 1950களில் கண்டார்கள். வெறும் வானத்தில் கண் எவ்வளவு நடுங்கினாலும் பயனில்லை. எங்கே திரும்பினாலும் அதே நீலம்.

இப்போது திபெத்துக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கே வானம் பார்க்கும் பயிற்சிக்குத் துணையாக இன்னொன்றும் உண்டு: பொட்டு வெளிச்சம் புகாத இருட்டறையில் நாட்கணக்கில் கண் திறந்து உட்கார்ந்திருப்பது. ஆய்வாளர் கிறிஸ்டோபர் ஹாட்செல் 2014இல் வெளியிட்ட நூல் ஒன்று இந்த இரண்டையும் சேர்த்தே ஆராய்கிறது. ஒன்று வானம், இன்னொன்று இருட்டறை. கேட்கும்போது எதிரெதிராகத் தோன்றும். கண்ணின் பக்கத்திலிருந்து யோசித்தால் இரண்டும் ஒன்றுதான்: பிடித்துக்கொள்ள ஓரமே இல்லாத பரப்பு. பிங்பாங் பந்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். வெளியே இருந்து வரும் செய்தியை நிறுத்தினால் அடுத்து என்ன தெரிகிறது என்று பார்த்தார்கள்.

தெரிந்தது நிறைய. பயிற்சி நூல்கள் புள்ளிகளைப் பேசுகின்றன. வட்ட ஒளிகளைப் பேசுகின்றன. இவற்றுக்குத் 'திக்லே' என்று பெயர், வடமொழியின் பிந்து. முத்துக்கோவைபோல நெளிந்து நீந்தும் சங்கிலிகளைப் பேசுகின்றன. 'வஜ்ரச் சங்கிலி' என்பார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய நினைவு. பள்ளி விடுமுறையில் மொட்டை மாடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்திருப்போம். வானத்தில் ஏதோ புழு நெளியும். கண்ணைத் திருப்பினால் அதுவும் ஓடும், நிறுத்தினால் மெதுவாக இறங்கும். அதற்குப் பின்னால், இன்னும் பொடியாக, வெள்ளி மணல்போல ஆயிரம் புள்ளிகள் சுழித்து ஓடும். காற்றில் இருக்கும் கிருமிகள் என்று ஒருவன் அடித்துச் சொன்னான். நாங்கள் நம்பினோம். அவன் வகுப்பில் முதல் ஐந்துக்குள் வருபவன்.

புழு ஒரு சங்கதி, மணல் வேறு சங்கதி. புழுவைத்தான் 'கண்ணில் பூச்சி பறக்கிறது' என்கிறோம். லத்தீனில் எழுதிய மருத்துவர்களும் இதற்குப் 'பறக்கும் ஈக்கள்' என்றே பெயர் வைத்தார்கள். விழிக்கோளத்தின் உள்ளே தெளிந்த கூழ் நிறைந்திருக்கிறது; அதில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். மிச்சத்தில் மெல்லிய கொல்லாஜன் இழைகள் உண்டு. வயது ஏற ஏற இழைகள் ஆங்காங்கே திரண்டு முடிச்சாகும். அந்த முடிச்சின் நிழல் விழித்திரையில் விழுவதுதான் பூச்சி. பல சமயம் அது மணிகோத்த சரம்போலவே தெரியும். வஜ்ரச் சங்கிலியை இதனோடு ஒப்பிடத் தோன்றாமல் இருக்காது.

மணலின் கதை இன்னும் அழகு. நம் கண்ணின் அமைப்பில் ஒரு கோணல் உண்டு. ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் பின்னடுக்கில் இருக்கின்றன. விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களில் ஒரு பகுதி அவற்றுக்கு முன்னால் ஓடுகிறது. கேமராவின் சென்சாருக்கு முன்னால் குழாய் பதித்த மாதிரி. அந்த நாளங்களின் நிழல் எப்போதும் நம் பார்வையில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் நிழல் நகர்வதில்லை, ஆகவே செய்தி இல்லை, ஆகவே தெரிவதில்லை. நாளங்களுக்குள் நகர்வது ரத்தம்.

நுண்நாளம் ஒற்றையடிப் பாதை. சிவப்பணுக்கள் அதில் வரிசைகட்டிப் போகும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். வெள்ளையணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். ஆக, பல நூறு சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு வெள்ளையணு. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் நீல ஒளியை நன்றாக உறிஞ்சிவிடும். வெள்ளையணு உறிஞ்சாது. அது பெரியது வேறு. நாளத்தின் அகலத்துக்கு உடம்பைப் பிதுக்கிக்கொண்டுதான் நகர வேண்டும். சின்னத் தெருவில் தேர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தேருக்கு முன்னே இருந்தவர்கள் வேகமாகப் போய்விடுவார்கள், தெரு காலியாகும். தேருக்குப் பின்னே கூட்டம் முண்டியடிக்கும். அதே போல வெள்ளையணுவும் அதன் முன்னிருக்கும் காலியிடமும் நீல ஒளியைத் தடையின்றி விடுகின்றன: நமக்கு ஒரு மின்னும் புள்ளி. பின்னால் நெருக்கியடிக்கும் சிவப்பணுக்கள் ஒளியை மறைக்கின்றன: புள்ளிக்கு ஒரு கருத்த குட்டி வால். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெள்ளையணு. நம் உடம்பைக் காக்கும் சேவகர்கள் ரோந்து போவதை நுண்ணோக்கி இல்லாமல், காசு கொடுக்காமல், மொட்டை மாடியில் படுத்தபடி பார்க்கலாம்.

இதற்கு நீல ஒளி வேண்டும், பெரிய பரப்பு வேண்டும், அதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து எளிதாகக் கிடைக்கும் இடம் ஆய்வகத்துக்கு வெளியே வானம்தான். ரிச்சர்ட் ஷீரர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1924இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயர் இதற்கு நிலைத்தது. 1980இல் ரீவா, பெட்ரிக் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். நோயாளி நீல ஒளியைப் பார்க்க, பக்கத்துத் திரையில் ஓடும் செயற்கைப் புள்ளிகளின் வேகத்தைத் தான் காணும் புள்ளிகளோடு அவரையே ஒப்பிடச் சொன்னார்கள். விழித்திரையின் நுண்நாளத்தில் ரத்தம் ஓடும் வேகம் அப்படியே கைக்கு வந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை. எனக்குத் தெரிந்து இவ்வளவு நாகரிகமான ரத்தப் பரிசோதனை வேறு கிடையாது.

நம் ஊர் அடையாறிலும் இந்தப் புள்ளிகளுக்கு ஒரு கதை உண்டு. பிரம்மஞான சபையின் சார்லஸ் லெட்பீட்டர், 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியைக் 'கண்டெடுத்த' அதே லெட்பீட்டர், சக்கரங்களைப் பற்றி 1927இல் வந்த தம் நூலில் 'உயிர்ச்சக்தி உருண்டைகள்' என்று ஒன்றை வருணிக்கிறார். அவை காற்றில் எங்கும் துள்ளித் திரிகின்றனவாம், வெயில் நாளில் அதிகமாம். பார்க்க விரும்புகிறவர் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தெளிந்த வானத்தைப் பின்னணியாக வைத்து, சில அடி தூரத்தில் பார்வையை நிறுத்த வேண்டுமாம். அந்தச் சில அடி! லென்ஸ் ஓய்வெடுக்கும் தூரத்தில், காற்றில், புள்ளிகள் மிதப்பதாக மனிதர் கண்டிருக்கிறார். கண்டது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர் செய்முறைக் குறிப்பு அட்சரசுத்தம். இடத்தைத்தான் தவறவிட்டார்: காற்றில் தேடியது அவர் விழித்திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

திபெத்தியர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அவர்கள் நூல்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது, தெரியும் ஒளிகள் வெளியே இருப்பவை என்று எண்ணிவிடாதே என்பது. வானம் திரை, தெரிவது உன்னுடையது. கண்ணுக்கு அந்த மரபு வைத்திருக்கும் பெயர் 'தொலைவைச் சுருக்குப் போட்டுப் பிடிக்கும் நீர்விளக்கு'. உள்ளே பெரும்பாலும் தண்ணீராலான ஓர் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யாரும் வைத்ததில்லை. அதோடு, இதயத்திலிருந்து கண்ணுக்குப் பளிங்குக் குழாய்போன்ற ஒரு நாடி வருவதாகவும், இதயத்தில் உறையும் ஒளி அதன் வழியே கண்ணுக்கு வந்து வானத்தில் விரிவதாகவும் சொல்கிறார்கள்.

உடனே, வெள்ளையணுவை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் பேசியது ஒளியை, ரத்தத்தை அல்ல. அவர்கள் தேடியது மனத்தின் இயல்பை. நாளங்களின் வரைபடத்தைத் தேடவில்லை. அவர்கள் காட்சிகள் எல்லாமே வெறும் கண் நிழல்கள்தான் என்று சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. வருடக்கணக்கில் பயின்றவர் காண்பதை மாடியில் பத்து நிமிடம் படுத்தவன் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பாதை எங்கே தொடங்குகிறது என்பது நம் எல்லோருக்கும் ஒரே இடம்தான், ஒரே கண்தான்.

செய்து பார்க்க விரும்பினால் காலை எட்டு, ஒன்பது மணி, அல்லது மாலை நான்கு மணி சரியாக இருக்கும். மழை ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் நல்லது, தூசி அடங்கி நீலம் திடமாக இருக்கும். சூரியன் முதுகுப்பக்கமோ ஒரு சுவருக்குப் பின்னாலோ மறைந்திருக்க வேண்டும். இதில் விளையாட்டு கூடாது. சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரை வெந்துவிடும், அங்கே வலி நரம்பு இல்லாததால் வெந்தது அப்போது தெரியாது. குழந்தைகளுக்கு இதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு வானத்தைக் காட்டுங்கள். இன்னொன்று: பழகிய ஒன்றிரண்டு பூச்சிகள் பறப்பதில் பயமில்லை. திடீரென்று கூட்டமாகப் பூச்சிகள் கொட்டினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை இறங்கினாற்போல இருட்டினாலோ அது விழித்திரை கழன்றுகொண்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றபடி பாயும் பொறுமையும் போதும். புள்ளிகள் தெரிய ஆரம்பித்ததும் ஒரு கையின் விரலை மறு கையின் மணிக்கட்டில் நாடி பிடிப்பதுபோல் வையுங்கள். புள்ளிகள் ஒரே வேகத்தில் ஓடாது; ஓர் உந்து, ஒரு தயக்கம், மறுபடி ஓர் உந்து. விரலுக்குக் கீழே துடிப்பதும் அதே தாளத்தில்தான். இதயம்தான் அவற்றைத் தள்ளிவிடுகிறது. பார்வையின் நடுமையத்தை மட்டும் கவனியுங்கள். சுற்றிலும் அத்தனை ஓட்டம் இருந்தாலும் அங்கே ஒரு புள்ளிகூட வராது. விழித்திரையின் அந்த அரை மில்லிமீட்டர் இடத்தில் நாளங்களே கிடையாது. இந்த வரியை இப்போது நீங்கள் படிப்பது அந்த இடத்தால்தான்.